மூன்று நாள் ஒரே எண்

என் மனிசன் வீட்டில் பியர் காய்ச்சுகிறவர் என்று நான் வெளியில் ஒருவருக்கும் சொன்னதில்லை. காய்ச்சுகிறது என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுடைய சனத்துக்குக் கசிப்பு என்கிற கள்ளச்சாராயந்தான் ஞாபகம் வரும். சுவிசில், கூர் நகரத்தில் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் நூறு என்று சொல்லுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்கே என்று கோயிலில் கேட்டால், வேலை என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன். அந்த நேரம் அவர் கெல்லரில், அதாவது எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில், ஒரு வெள்ளை வாளிக்கு முன்னால் குந்தியிருப்பார்.

அவரைக் குடிகாரன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். கிழமைக்கு ஒரு போத்தல், அதுவும் லீவு நாளில்தான். ஹோட்டல் குசினியில் இருபது வருடத்துக்கு மேலாக மற்றவர்கள் எழுதிக்கொடுத்ததைச் சமைத்த மனிதர், தன்பாட்டில் ஒன்றைச் செய்து பார்க்க ஆசைப்பட்டார். கீழ்வீட்டில் ஒரு சுவிஸ்காரர் இருக்கிறார். மலை ரயிலில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், தனியாள். அவரும் இவரும் கூட்டு. அவருடைய ஜேர்மன் இவருக்கு அரைவாசிதான் விளங்கும். இவருடைய ஜேர்மன் அவருக்குக் கால்வாசி. ஆனால் இரண்டு பேரும் வாளியைப் பார்த்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் கதைக்காமல் நிற்பார்கள். ஆம்பிளைகளின் சிநேகிதம் அப்படித்தான் போலிருக்கிறது.

நான் அந்த வாளியை ஒருநாளும் மதிக்கவில்லை. இருபது லீற்றர் வாளி, கீழே திறந்து மூட ஒரு சின்னக் குழாய்ப்பூட்டு. மூடியின் மேலே ஒரு வளைந்த குழாய், அதற்குள் கொஞ்சம் தண்ணீர். உள்ளே ஈஸ்ட் இனிப்பைத் தின்னத் தின்னக் காற்று எழும்பி, அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு புளுக் என்று வெளியே வரும். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே அவர் வேலையால் வந்ததும் சப்பாத்துக்கூடக் கழற்றாமல் கீழே போவார். ஒருநாள் நான், பிள்ளை அழுகுதாம், போய்ப் பாருங்கோ என்று பகிடி விட்டேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் சிரித்தார். பிறகு கீழே போனவர் கனநேரம் மேலே வரவில்லை. நானும் அந்தப் பகிடியைத் திரும்ப விடவில்லை.

ஒவ்வொரு முறையும் ஒரு வாய் குடித்துப் பார் என்று கேட்பார். மணமே எனக்குப் பிடிக்காது, கசப்பு வேறு, உங்கட தண்ணியை நீங்களே குடியுங்கோ என்பேன். ஏழெட்டு வருடம் கேட்டார், ஏழெட்டு வருடமும் அதே பதில்தான். தை மாதத்து ஞாயிறு ஒன்றில் குசினி முழுக்க இஞ்சி மணந்தது. இஞ்சியும் கொத்தமல்லியும் இடித்து அந்தப் பெரிய பானைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். இது என்ன ரசமோ என்று கேட்டேன்.

"இது உமக்கு," என்றார். "கசப்பைக் குறைச்சிருக்கிறன். இதையாவது குடிப்பீர்தானே?"

பார்ப்பம் என்றேன். மாட்டேன் என்று சொல்லவில்லை. அதையே அவர் பெரிய வெற்றியாக எடுத்துக்கொண்டு, பானையை ஆறவைத்து, வாளியில் ஊற்றி, ஈஸ்டைப் போட்டு, குளிர்காலம் என்பதால் ஒரு பழைய கம்பளியைச் சுற்றிக்கட்டி, கெல்லரில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை ஹோட்டலில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்துவிட்டார். நெஞ்சு. நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் அப்போது கட்டில் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். போனில் சொன்னது எனக்கு விளங்கவில்லை, ஜேர்மன் எல்லாம் மறந்துபோய்விட்டது. என்னோடு வேலை செய்கிறவள் போனை வாங்கிக் கேட்டாள். அவளுடைய முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது.

வெள்ளிக்கிழமை தகனம் முடிந்தது. இன்டர்லாக்கனில் இருக்கிற அவருடைய தமையன் வந்து எல்லாக் காரியமும் செய்தார். அன்று பின்னேரம் கோயில் பெண்கள் நாலு பேர் துடக்கு, அதாவது செத்தவீட்டுத் தீட்டு, கழிக்க வீடு கழுவ வந்தார்கள். இங்கே பிரேதத்தை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. கொண்டுவராத வீட்டை ஏன் கழுவ வேண்டும் என்று கேட்க எனக்குச் சீவன் இல்லை. அவர்களும் பாசத்தில்தான் வந்தார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். திரைச்சீலை, கட்டில் விரிப்பு, அவருடைய உடுப்பு எல்லாவற்றையும் மெஷினில் போட்டார்கள். அவர் புழங்கிய இடம் என்று கெல்லரையும் விடவில்லை. கழுவித் துடைத்து, காற்று வரட்டும் என்று அங்கே இருந்த சின்ன ஜன்னலைத் திறந்து விட்டார்கள். கம்பளியும் துடக்குத் துணிதானே, அதையும் உருவிக்கொண்டு போய்த் தோய்த்தார்கள். வாளியை மட்டும் என்னவென்று தெரியாமல் விட்டுவிட்டார்கள். வெளியில் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

எட்டுச் செலவை எப்போது வைப்பது என்று தமையன் கேட்டார். எட்டாம் நாள் செவ்வாய்க்கிழமை வருகிறது. செவ்வாய்க்கிழமை இந்த நாட்டில் ஆருக்கு லீவு? எங்கள் செத்தவர்களும் சனி ஞாயிறு பார்த்துத்தான் சாப்பிட வேண்டியிருக்கிறது. அதற்கு அடுத்து வருகிற ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று.

எட்டு என்றால் செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் படைக்கிற நாள். ஆட்டிறைச்சி, நண்டு, கணவாய், முட்டை, வடை, குடிக்கிறவராக இருந்தால் குடிவகை, புகைக்கிறவராக இருந்தால் சுருட்டு. அதற்குப் பிறகு வருகிற முப்பத்தோராம் நாளுக்கு ஐயர் வருவார், மரக்கறிதான். ஆண்டுத் திவசமும் மரக்கறி. பியர் வைப்பதென்றால் அந்த ஒரு நாள்தான். அது தவறினால் பிறகு இல்லை.

திங்கட்கிழமை காலை இறைச்சிக்குச் சொல்ல வேண்டும், கணவாய்க்குச் சொல்ல வேண்டும் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் வாளி ஞாபகம் வந்தது. பேனையை அப்படியே வைத்துவிட்டுக் கீழே ஓடினேன். அவர் கையால் செய்த கடைசிச் சாமான். அதுவும் எனக்கென்று செய்தது. அதை நுரையோடு அவருடைய படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும், படைத்த பிறகு அவருக்கு முன்னால் நான் ஒரு வாய் குடிக்க வேண்டும். அந்த ஆசை வந்ததும் மற்றப் பட்டியல் முழுக்க எனக்கு மறந்துபோயிற்று.

கெல்லரில் ஒரு சத்தமும் இல்லை. கால் மணித்தியாலம் நின்று பார்த்தேன். மூடிக் குழாயில் இருந்த தண்ணீர் அசையவில்லை. முடிந்துவிட்டது போல என்று நினைத்தேன். பக்கத்துத் தட்டில் அவருடைய கொப்பி இருந்தது. ஒவ்வொரு வாளிக்கும் ஒரு பக்கம். முதல் பக்கத்தில் தனக்குத்தானே எழுதி வைத்திருந்தார்: குமிழியை நம்பாதே, மூன்று நாள் ஒரே எண் நின்றால் முடிந்தது.

எண் பார்ப்பதற்கு ஒரு கண்ணாடி மிதவை இருக்கிறது. வாளிக் குழாயைத் திறந்து ஒரு உயரமான ஒடுங்கிய கிளாசில் கொஞ்சம் பிடித்து மிதவையை விட வேண்டும். தண்ணீர் என்றால் சுழியத்தில் நிற்கும். இனிப்பு இருந்தால் மிதவை உயரும், எண்ணும் உயரும். ஈஸ்ட் இனிப்பைத் தின்று முடிக்க முடிக்க எண் இறங்கும். பிடித்ததைத் திரும்ப வாளிக்குள் ஊற்றக்கூடாது, அழுக்கு என்று சொல்லி அவர் எப்போதும் அதைக் குடித்துவிடுவார். அளவு பார்க்கிறன் என்று சொல்லிக் குடிக்கிற ஆள் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் என்று எத்தனை தரம் ஏசியிருக்கிறேன்.

திங்கள் இருபத்திரண்டு. செவ்வாய் இருபத்திரண்டு. புதன் இருபத்திரண்டு. நான் பிடித்ததைக் குடிக்கவில்லை, கழுவு தொட்டியில் ஊற்றினேன். பழைய பக்கங்களில் எல்லா வாளியும் ஐம்பதுக்குக் கிட்டத் தொடங்கிப் பத்தில் அல்லது பதினொன்றில் வந்து நின்றிருந்தது. அதைப் பார்க்காமல் இல்லை. இஞ்சி போட்டது வேறு மாதிரி இருக்கும், ஒவ்வொரு கறிக்கும் ஒவ்வொரு பதம் இல்லையா என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டும் என்ற அவசரம், வேறென்ன? மூன்று நாள் ஒரே எண் நின்றுவிட்டது. இனிக் கொஞ்சம் சீனி போட்டுப் போத்தலில் அடைத்தால் ஞாயிற்றுக்கிழமைக்குக் கொஞ்சமாவது நுரை வரும்.

போத்தல் மூடி அடிக்கிற கருவி கீழ்வீட்டுக்காரரிடம் இருந்தது. போய்க் கேட்டேன். அவர் கருவியைத் தராமல் முதலில் எண்ணைக் கேட்டார். சொன்னேன். உடனே என்னோடு கெல்லருக்கு வந்தார். வாளியைத் தொட்டுப் பார்த்தார். திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தார். கம்பளி எங்கே என்று கேட்டார். தோய்த்துக் காயப் போட்டிருக்கிறது என்றேன். ஏன் என்று கேட்டார். துடக்கு என்பதை ஜேர்மனில் எப்படிச் சொல்வது? எங்கள் வழக்கம் என்று மட்டும் சொன்னேன். அவர் ஜன்னலைப் பூட்டிவிட்டு மெதுவாகச் சொன்னார், இது முடியவில்லை, நித்திரை கொள்கிறது என்று. குளிரில் ஈஸ்ட் உறங்கிவிட்டதாம். தின்ன வேண்டிய இனிப்பு இன்னும் உள்ளே கிடக்கிறது. இப்படியே போத்தலில் அடைத்துச் சூட்டுக்குக் கொண்டுபோனால், உள்ளே எழும்பித் தின்னத் தொடங்கி, காற்று போக வழி இல்லாமல் போத்தல் வெடிக்குமாம்.

எனக்கு என்மேலேயே எரிச்சலாக வந்தது. இருபது வருடமாக மாரி காலத்தில் தோசை மாவை ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்து, சால்வையால் மூடிப் புளிக்க வைக்கிறவள் நான். குளிர்ந்தால் மா பொங்காது என்று புதிதாய் வந்த பிள்ளைகளுக்கெல்லாம் புத்தி சொல்லுகிறவள். அந்த அறிவு என் மனிசனின் வாளிக்கு முன்னால் எங்கே போனது? ஒருநாளாவது அவர் கூப்பிட்டபோது கீழே போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

சூட்டில் வைத்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு முடியுமா என்று கேட்டேன். அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். முடியாது, இன்னும் ஒரு கிழமையாவது வேண்டும் என்றார். தமையனுக்குப் போன் எடுத்து எட்டை இன்னொரு கிழமை தள்ளலாமா என்று கேட்டேன். காரணத்தைச் சொல்லவில்லை. அவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார்: சூரிச்சில் இருந்தும் பேர்னில் இருந்தும் சனம் லீவு சொல்லிவிட்டது, இன்னும் தள்ளினால் அதற்கு எட்டு என்று பேரே இல்லை.

அன்று நானும் கீழ்வீட்டுக்காரரும் அந்த வாளியைத் தூக்கி மூன்று மாடி ஏற்றி, கூடத்தில் ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தோம். என் மனிசனுடைய படமும் விளக்கும் அங்கேதான் இருந்தன, வேறு சூடான இடம் இல்லை. தோசை மாச் சால்வையை எடுத்துச் சுற்றினேன். கீழ்வீட்டுக்காரர் வாளியைப் பிடித்து இலேசாக ஒருமுறை சுழற்றிவிட்டு, இனிப் பார்த்துக்கொண்டிருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாழன் மத்தியானம் தனியாக இருந்து சோறு தின்றுகொண்டிருந்தேன். தின்றேன் என்று சொல்ல முடியாது, பிசைந்துகொண்டிருந்தேன். பின்னால் புளுக் என்று ஒரு சத்தம். கையைக் கழுவாமலே எழும்பி ஓடினேன். மூடிக் குழாய்க்குள் தண்ணீர் ஏறி நின்றது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அந்த வீட்டில் ஒன்பது நாளாக என்னைத் தவிர ஒன்றும் அசையவில்லை. எனக்குச் சந்தோசம் வந்தது. செத்தவீட்டுக்காரிக்குச் சந்தோசம் வரலாமா என்று பயந்து படத்தைப் பார்த்தேன். பிறகு நிலத்தில் இருந்து வாய்விட்டு அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை எண் பதினைந்து. முடியவில்லை. வாழையிலையில் ஆட்டிறைச்சி, கணவாய், நண்டு, வடை எல்லாம் வைத்தாயிற்று. தமையன் கடையில் வாங்கிய பியர் இரண்டு தகரக் கான் கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார். நான் வாளிக் குழாயைத் திறந்து ஒரு கிளாசில் பிடித்தேன். கலங்கல், நுரையும் இல்லை. அதை எடுத்துக்கொண்டு படத்துக்கு முன்னால் போனேன். தமையன் கையை நீட்டி மறித்தார். அவர் கெட்டவர் இல்லை. தம்பிக்குக் கடைசியாகச் செய்கிறதைக் குறையில்லாமல் செய்ய வேண்டும் என்று நினைத்தார்.

"பிள்ளை, முடியாத சாமானைப் படைக்கக் கூடாது. அரைகுறையாய் வைக்கிறதே?"

"அவரும் அரைகுறையிலைதானே போனவர், அண்ணை," என்றேன்.

அவர் கையை எடுத்துவிட்டார். கானை எடுத்து ஓரமாக வைத்து, என் கிளாசுக்கு இடம் விட்டார். அவருடைய கண் நிறைந்திருந்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

படைத்துவிட்டு, செத்தவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வெளியே நிற்பது வழக்கம். இருபது இருபத்தைந்து பேர் படிக்கட்டில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். சத்தம் போடக்கூடாது என்பதால் ஒருவரும் பேசவில்லை. சாத்திய கதவுக்கு உள்ளேயிருந்து புளுக், புளுக் என்று கேட்டுக்கொண்டிருந்தது. வந்தவர்களில் பலருக்கு அது என்னவென்று தெரியாது. ஒரு பெண் என்னுடைய கையை இறுக்கிப் பிடித்தாள். நான் விளக்கம் சொல்லப் போகவில்லை.

கதவு திறந்த பிறகு அந்தக் கிளாசை எடுத்து, எல்லோருக்கும் முன்னால் குடித்தேன். சனம் என்ன சொல்லும் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. வெதுவெதுப்பாக, இஞ்சி காரத்தோடு, இனிப்பாக இருந்தது. நல்லா இருக்கு என்று அவருடைய படத்துக்குச் சொன்னேன். ஏழெட்டு வருடம் கேட்ட மனிதருக்கு, கேட்க முடியாத நேரத்தில்தான் சொன்னேன். அந்தக் குற்றம் எனக்கு இன்னும் தீரவில்லை.

எட்டு முடிந்து சனம் போனது. நான் வேலைக்குப் போகத் தொடங்கினேன். பின்னேரம் வந்ததும் சப்பாத்தோடு போய் வாளியைப் பார்ப்பேன். பதின்மூன்று. பன்னிரண்டு. பதினொன்று. புளுக் என்ற சத்தத்துக்கு இடையில் நேரம் கூடிக்கொண்டே போனது. ஒரு நிமிடம், பிறகு ஐந்து நிமிடம். ஒருநாள் முக்கால் மணித்தியாலம் இருந்தும் கேட்கவில்லை. எண் பத்து. அடுத்த நாளும் பத்து. அதற்கடுத்த நாளும் பத்து. இந்தமுறை குளிர் இல்லை, ஜன்னல் பூட்டியிருந்தது, சால்வையும் சுற்றியபடிதான் இருந்தது.

கீழ்வீட்டுக்காரர் போத்தல்களைக் கழுவி அடுக்கி வைத்துவிட்டுக் கதவைத் தட்டினார். முடிந்ததா என்று கேட்டார். இன்னும் இல்லை, நாளைக்குப் பார்ப்போம் என்றேன். அடுத்த நாளும் அப்படியே சொன்னேன். என் மனிசனுடைய கொப்பியில், அவருடைய கையெழுத்துக்குக் கீழே, என்னுடைய கையெழுத்தில் பத்து, பத்து, பத்து என்று ஒன்றன் கீழ் ஒன்றாக நிறைந்துகொண்டு வந்தது. ஒவ்வொரு நாளும் அளவு பார்த்த கிளாசை நான்தான் குடித்தேன். இனிப்பு போய்விட்டது. வாளியும் குறைந்துகொண்டு வந்தது.

ஒரு சனிக்கிழமை கீழ்வீட்டுக்காரர் கேட்காமலே மிதவையை எடுத்துத் தானே பார்த்தார். பிறகு கொப்பியைப் பார்த்தார். தமிழ் தெரியாவிட்டாலும் பத்து என்ற எண் எல்லோருக்கும் ஒன்றுதானே. பொய்யைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடியில் படிந்த செத்த ஈஸ்டின் மேல் கனநாள் கிடந்தால் பியர் பழுதாகிவிடும், உங்கள் கணவர் இருந்திருந்தால் எப்போதோ அடைத்திருப்பார் என்றார். அவர் சொன்னது சரி. நானும் ஓம் என்று தலையாட்டினேன். அவர் போத்தல் பெட்டியைத் தூக்கி வந்து வாளிக்குப் பக்கத்தில் வைத்து, குழாய்ப்பூட்டில் கையை வைத்தார். நான் அந்தக் கையைப் பிடித்துவிட்டேன்.

"இதை அடைச்சால், இந்த வீட்டிலை அவருக்கெண்டு பாத்துக்கொண்டிருக்க எனக்கு ஒண்டும் இல்லை," என்றேன்.

தமிழில்தான் சொன்னேன். ஜேர்மனில் சொல்ல எனக்கு வரவில்லை. அவர் என்ன சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. குழாயிலிருந்து கையை எடுத்து, கதிரையை இழுத்து வாளிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். நானும் ஒரு கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தேன். அன்றைக்கும் நாங்கள் அடைக்கவில்லை.